விலாசமும் இடமும்

மண்டபத்தூருக்கு ஒரு கடிதம் போட வேண்டுமானால் உறையின் மேல் என்ன எழுத வேண்டும்? கேள்வி சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். ஆனால் இதற்குச் சரியான விடை சொல்ல வேண்டுமென்றால் ஏறக்குறைய முந்நூறு ஆண்டுச் சரித்திரம் தெரிந்திருக்க வேண்டும்.

ஊர் இருப்பது காவிரிக் கழிமுகத்தில். கிழக்கே கடல். கட்டுமரமும் வலையும் மீன் வாடையும் உள்ள ஊர். வடக்கே போனாலும் தெற்கே போனாலும் மேற்கே போனாலும் கொஞ்ச தூரத்தில் தமிழ்நாடு வந்துவிடும். ஆனால் ஊருக்குரிய அரசாங்கமோ நூறு கிலோமீட்டருக்கு அப்பால் புதுச்சேரியில் இருக்கிறது. 1739இல் தஞ்சை மராட்டிய அரசரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் காரைக்காலைப் பெற்றார்கள் அல்லவா, அதனால் வந்த வினை இது. 1954ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி ஆட்சி கை மாறியது. 1956 மே மாதத்தில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. சட்டப்படி இந்த மண் இந்தியாவோடு சேர்ந்ததோ 1962ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் தேதி. இவ்வளவும் நடந்தும் காரைக்கால், புதுச்சேரியின் பிள்ளையாகத்தான் இன்றும் இருக்கிறது.

வண்டியின் எண் பலகையைப் பார்த்தால் பி.ஒய். என்று புதுச்சேரியின் பேர் சொல்லும். கடித உறையின் மேலுள்ள பின்கோடோ வேறு கதை சொல்லும். புதுச்சேரிப் பின்கோடு 605 என்று தொடங்கும். காரைக்காலுக்கு 609. அது பக்கத்து மயிலாடுதுறையின் இனம். சர்க்காருக்கு நாங்கள் ஓரிடத்தில் இருக்கிறோம். தபால்காரருக்கு வேறிடத்தில் இருக்கிறோம். மண்ணுக்கும் மழைக்கும் இன்னோர் இடத்தில் இருக்கிறோம். இதனால் கடிதம் எதுவும் தவறிப் போனதாகத் தெரியவில்லை. விலாசம் வேறு, இடம் வேறு என்றாலும் இரண்டையும் பொருத்திக் காட்டும் குறிப்பேடு ஒன்று எங்கோ ஓர் அலுவலகத்தில் இருந்தால் போதும், காரியம் நடந்துவிடும்.

இந்தச் சாமான்யமான உண்மை ஒன்றுதான் கம்ப்யூட்டரின் சரித்திரத்திலே மிகப் பெரிய யோசனைகளுள் ஒன்றாக விளங்குகிறது என்று சொன்னால் நேயர்கள் நம்புவார்களோ, மாட்டார்களோ! அந்த யோசனையை ஒட்டி நிபுணர்களுக்குள் ஏறக்குறையப் பத்து வருஷம் ஒரு பெரிய சர்ச்சை நடந்தது. கதை எழுதிப் பிழைக்கும் எனக்கு யந்திரத்தைவிட அந்தச் சர்ச்சையில்தான் அதிக ருசி. காரணம் பின்னால் சொல்கிறேன்.

முதலில் யந்திரத்துக்கு ஞாபகம் என்பது எவ்வளவு அருமையான பண்டமாக இருந்தது என்பதைப் பார்க்க வேண்டும். அதற்கு நாம் சீமைக்குப் போக வேண்டியதில்லை. பம்பாய்க்குப் போனால் போதும்.

சென்னையில் 1926இல் பிறந்து, கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியில் படித்து, பிறகு அமெரிக்கா சென்று கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர் ஆர். நரசிம்மன். 1954இல் அவர் பம்பாய் டாடா ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். ஹோமி பாபாவின் ஆதரவில், விரல் விட்டு எண்ணக்கூடிய இளைஞர்களை வைத்துக்கொண்டு, இந்நாட்டிலேயே ஒரு மின்னணுக் கணிப்பொறியை வடிவமைத்துக் கட்டுவதென்று இறங்கினார்.  1956இல் ஒரு முன்மாதிரி ஓடியது. முழு யந்திரம் 1960 பிப்ரவரியில் வேலைக்கு வந்தது. ஆயிரக்கணக்கான வெற்றிடக் குழல்கள் கொண்ட அந்தப் பேரிரும்பு அலமாரிக்கு 1962 ஜனவரியில் பிரதமர் நேரு 'டிஃப்ராக்' என்று பெயரிட்டார். அதே வருஷம் ஆகஸ்டில்தான் காரைக்கால் சட்டப்படி இந்தியாவானது.

டிஃப்ராக்கின் ஞாபகம் எவ்வளவு தெரியுமா? 2048 சொற்கள். இங்கே 'சொல்' என்பது நாம் பேசும் சொல் அல்ல. ஒன்று, பூஜ்யம் என்னும் குறிகள் 40 சேர்ந்தது யந்திரத்துக்கு ஒரு சொல். ஒவ்வொரு குறிக்கும் ஒரு சின்னஞ்சிறு காந்த வளையம். கடுகைப் போன்ற அந்த வளையங்களை மெல்லிய கம்பிகளில் கோத்து வலைபோலப் பின்னியிருப்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் 81,920 குறிகள் வருகின்றன. இன்றைய கம்ப்யூட்டர் தமிழ் எழுத்தைச் சேமிக்கும் முறையில் பார்த்தால், நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்தக் கட்டுரையில் கால் பங்கு கூட அந்த வலையில் அகப்படாது. அந்த இடத்துக்குள்தான் அணு விஞ்ஞானிகளும் கணித மேதைகளும் தங்கள் கணக்குகளை மடக்கி மடக்கி வைத்தார்கள்.

இடம் போதாவிட்டால் என்ன செய்வது? உலகம் முழுவதும் அன்று இதுதான் கேள்வி. காந்த வளைய ஞாபகம் வேகமானது. விலையோ யானை விலை. சுழலும் காந்த உருளை ஒன்று உண்டு, டிரம் என்பார்கள். விலை மலிவு, கொள்ளளவு அதிகம்; ஆனால் ஆமை வேகம். எவ்வளவு வித்தியாசம் என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். மான்செஸ்டரில் அறுபதுகளில் கட்டிய ஒரு யந்திரத்தில் வளைய ஞாபகத்திலிருந்து ஒரு சொல்லை எடுக்க ஒரு விநாடியின் 10 லட்சத்தில் 2 பங்கு நேரம். டிரம்மில் தேடி எடுக்கச் சராசரியாக ஒரு விநாடியின் ஆயிரத்தில் 6 பங்கு. மூவாயிரம் மடங்கு. முன்னதை ஒரு நிமிஷம் என்று வைத்துக்கொண்டால் பின்னது இரண்டு நாள், இரண்டு மணி நேரம்! அடுக்களையில் கை நீட்டி உப்பு எடுப்பதற்கும், உப்பு வேண்டுமென்று வேதாரணியத்துக்கு ஆள் அனுப்பிவிட்டுக் காத்திருப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது.

ஆகையால் புரோகிராம் எழுதுகிறவர் தம் வேலையைத் துண்டு துண்டாக வெட்டுவார். இந்தத் துண்டு முதலில் வளையத்துக்கு வரட்டும். அது முடிந்ததும் அதன் தலைமேல் அடுத்த துண்டு வந்து உட்காரட்டும். மூன்றாவது துண்டு வரும்போது முதல் துண்டின் விடையை மட்டும் ஒரு மூலையில் காப்பாற்றி வைக்கட்டும். இப்படியெல்லாம் முன்கூட்டியே திட்டமிட்டு எழுத வேண்டும். ஒரு சின்ன வீட்டில் நாலு கல்யாணத்தை நடத்துகிற மாமிகளின் சாமர்த்தியம் இதற்கு வேண்டும். உண்மையான கணக்கைப் போடுவதற்கு ஆகும் உழைப்பைவிட இந்த இடம் பங்கிடும் உழைப்பே சில சமயம் பெரிதாகிவிடும். ஆனால் இந்த வித்தை கைவந்தவருக்கு மதிப்பும் இருந்தது, தொழிலில் ஒரு கர்வமும் இருந்தது. இதை மறக்கக் கூடாது. பின்னால் வரும் சர்ச்சையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இப்போது மான்செஸ்டர். அங்கே டாம் கில்பர்ன் என்று ஒருவர். 1948 ஜூன் 21ஆம் தேதி, தன் ஞாபகத்திலேயே புரோகிராமை வைத்துக்கொண்டு ஓடிய முதல் மின்னணு யந்திரத்தை ஃபிரெடி வில்லியம்ஸ் என்பவரோடு சேர்ந்து ஓட்டிக் காட்டியவர். அந்த யந்திரத்துக்கு ஞாபகம் 32 சொற்கள்தான்! அப்படிப்பட்ட வறுமையில் தொழில் பழகியவருக்கு இடத்தின் அருமை தெரியாமல் இருக்குமா? 'அட்லஸ்' என்ற பெரிய யந்திரத்தை அவர் வடிவமைத்தபோது, வளைய ஞாபகம் 16 ஆயிரம் சொல்லும் டிரம் 96 ஆயிரம் சொல்லுமாக இருந்தன. கில்பர்னும் அவர் குழுவினரும் கேட்ட கேள்வி இதுதான்: இவை இரண்டு என்று புரோகிராம் எழுதுகிறவருக்கு ஏன் தெரிய வேண்டும்? ஒரே பெரிய ஞாபகம் இருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டு எழுதட்டுமே! எது எங்கே இருக்கிறது என்ற கவலையை யந்திரமே சுமக்கட்டும்.

அதற்கு அவர்கள் செய்த ஏற்பாடு எளிமையானது. ஞாபகத்தை 512 சொற்கள் கொண்ட பக்கங்களாகப் பிரித்தார்கள். 'பேஜ்' என்றே பெயரிட்டார்கள். புரோகிராம் சொல்வது விலாசம்; பண்டம் இருப்பது இடம். இரண்டையும் பொருத்திக் காட்ட ஒரு குறிப்பேடு; அது இரும்பிலும் கம்பியிலும் செய்த குறிப்பேடு. புரோகிராம் ஒரு விலாசத்தைக் கேட்டதும் குறிப்பேடு பார்க்கும். பக்கம் வளைய ஞாபகத்தில் இருந்தால் உடனே எடுத்துக் கொடுக்கும். இல்லாவிட்டால் புரோகிராமைக் கொஞ்சம் நிற்கச் சொல்லிவிட்டு, டிரம்மிலிருந்து அந்தப் பக்கத்தை இறக்கி, குறிப்பேட்டைத் திருத்தி, 'இப்போது போ' என்று விடும். நின்றது கூடப் புரோகிராமுக்குத் தெரியாது. 1962இல் இதை விளக்கி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவ்வாண்டு டிசம்பர் 7ஆம் தேதி அட்லஸ் திறந்துவைக்கப்பட்டது. ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ரூடால்ஃப் கூன்ட்ச் என்பவர் 1956லேயே தம்முடைய ஆய்வேட்டில் இதே யோசனையை எழுதியிருந்தார் என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். ஒரு காலத்துக்கு வேண்டிய யோசனை ஒரே ஊரில் ஒரே தலையில் மட்டும் உதிப்பதில்லை.

எல்லாம் சரி. ஆனால் புதுப் பக்கம் உள்ளே வரவேண்டுமானால் பழைய பக்கம் ஒன்று வெளியே போக வேண்டுமே! எதை அனுப்புவது? இங்கேதான் விஷயம் யந்திரத்தை விட்டு மனிதனிடம் வருகிறது. எதை நினைவில் வைப்பது, எதை மறப்பது என்ற பிரச்னை அது. கையால் துண்டு போட்டவருக்குத் தம் கணக்கின் போக்குத் தெரியும். அடுத்து என்ன வேண்டியிருக்கும் என்று தெரிந்து அனுப்புவார். யந்திரத்துக்கு என்ன தெரியும்? "பிள்ளையைப் பெற்றவளுக்குத் தெரியாத பசி பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியுமா?" என்று கேட்பது போலத்தான் பலர் கேட்டார்கள். அவர்கள் கட்சி, கைமுறைக் கட்சி. 'மனிதனின் நேரத்தை இந்தச் சில்லறை வேலையில் கொட்டுவது பாவம், யந்திரமே பார்த்துக்கொள்ளும்' என்றவர்கள் தானியங்கிக் கட்சி. அறுபதுகளின் பெரும்பகுதி இந்த இரு கட்சிக்கும் ஓயவில்லை.

கைமுறைக் கட்சிக்குப் பலம் சேர்ப்பது போல ஒரு விபரீதமும் நேர்ந்தது. ஒரே யந்திரத்தில் பல புரோகிராம்களை ஒரே சமயத்தில் ஓட விட்டார்கள். ஓர் அளவு வரைக்கும் வேலை நன்றாக நடந்தது. அதற்கு மேல் ஒரு புரோகிராமைச் சேர்த்ததும் எல்லாம் திடீரென்று நின்றுபோயின. யந்திரம் சும்மா இருந்ததா என்றால், இல்லை. ஓய்வு ஒழிவில்லாமல் வேலை செய்தது. ஒருவன் பக்கத்தை வெளியே தள்ளி இன்னொருவன் பக்கத்தை உள்ளே இழுப்பது, உடனே தள்ளியதை மறுபடி இழுப்பது, இதே வேலை! இதற்கு 'த்ராஷிங்' என்று பெயர். கதிரடிப்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு இது தாயாதி. ஆனால் களத்தில் கதிரடித்தால் நெல்லாவது மிஞ்சும். இந்தக் களத்தில் வைக்கோல் கூட மிஞ்சவில்லை.

இந்த நிலையில் என்ன நடந்திருக்க வேண்டும்? நம் இலக்கிய உலகத்துப் பழக்கத்தை வைத்துச் சொன்னால், ஒரு கட்சியார் மறு கட்சியாரின் படிப்பைப் பற்றியும் பரம்பரையைப் பற்றியும் பத்திரிகையில் எழுதியிருக்க வேண்டும். பதிலுக்குப் பதில், அதற்கு மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு என்று நாலு இதழ் ஓடியிருக்க வேண்டும். முடிவில் எதைப் பற்றிச் சர்ச்சை தொடங்கியது என்பதே மறந்துபோயிருக்க வேண்டும். அங்கே நடந்தது வேறு. அளந்து பார்க்கத் தொடங்கினார்கள்.

லாஸ்லோ பெலாடி ஹங்கேரியில் பிறந்தவர். 1956 கிளர்ச்சிக்குப் பிறகு நாட்டை விட்டு வந்தவர். ஐ.பி.எம். ஆராய்ச்சிக் கூடத்தில் பணி. அவர் பல புரோகிராம்களை எடுத்துக்கொண்டு, பக்கத்தை வெளியே அனுப்பும் முறைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு 1966இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். எல்லாவற்றிலும் சிறந்த முறை எது என்பதற்கு அவர் கண்ட விடை அழகானது: வெகு காலத்துக்குப் பிறகுதான் தேவைப்படும் என்ற பக்கம் எதுவோ அதை அனுப்பு. அதாவது எதிர்காலம் தெரிந்திருக்க வேண்டும்! அது ஜோசியருக்குக் கூட இயலாது. ஆனால் ஓடி முடிந்த புரோகிராமை மறுபடி எடுத்துப் பார்க்கும்போது அதன் எதிர்காலம் நமக்குத் தெரியும் அல்லவா? அதைத் தராசின் ஒரு தட்டில் வைத்து, நடைமுறை முறைகள் அதற்கு எவ்வளவு அருகில் வருகின்றன என்று நிறுத்துப் பார்க்கலாம். வாதத்துக்கு ஒரு படிக்கல் கிடைத்தது.

அதே பெலாடியும் கூட்டாளிகளும் 1969இல் இன்னொரு வேடிக்கையைக் காட்டினார்கள். தாளும் பென்சிலும் உள்ளவர்கள் இதைச் செய்து பார்க்கலாம். முதலில் வந்த பக்கத்தை முதலில் அனுப்புவது என்று ஒரு நியாயமான விதி வைத்துக்கொள்ளுங்கள். பக்கங்களை இந்த வரிசையில் கேட்போம்: 1, 2, 3, 4, 1, 2, 5, 1, 2, 3, 4, 5. மூன்று பக்கத்துக்கு இடம் இருந்தால் டிரம்முக்கு 9 தடவை ஓட வேண்டும். இடத்தைப் பெருக்கி நாலாக்கினால் எத்தனை தடவை? குறையும் என்றுதானே நினைப்போம்? 10 தடவை! வசதி பெருகியதும் தொல்லை பெருகிய குடும்பங்களை நான் பார்த்ததுண்டு. கணக்கிலும் அப்படி நேரும் என்பது எனக்குப் புதிது. யாருடைய பக்கம் பேசுகிறோம் என்று பாராமல் கண்டதை அப்படியே எழுதியதில்தான் அந்தக் கட்டுரையின் கௌரவம் இருக்கிறது.

த்ராஷிங் ஏன் நேருகிறது என்பதைப் பீட்டர் டென்னிங் என்ற இளைஞர் 1968இல் விளக்கினார். எந்தப் புரோகிராமும் எல்லாப் பக்கங்களையும் எப்போதும் புரட்டிக்கொண்டிருப்பதில்லை. கொஞ்ச நேரத்துக்குச் சில பக்கங்களையே சுற்றிச் சுற்றி வருகிறது. பிறகு வேறு சில பக்கங்களுக்கு நகர்கிறது. இந்த நேரத்தில் அதன் கைக்கு வேண்டியவை எவையோ அவற்றுக்கு 'வேலைத் தொகுதி' என்று பெயரிடலாம். அந்தத் தொகுதி முழுவதற்கும் இடம் இருந்தால் புரோகிராமை ஓட விடு; இல்லாவிட்டால் வாசலில் உட்கார வை. இவ்வளவுதான் மருந்து. பந்தியில் இடம் இல்லாதபோது பாதி இலைபோட்டு எல்லோரையும் நெருக்கி உட்கார வைத்தால் யாரும் சாப்பிட முடியாது; அடுத்த பந்தி வரைக்கும் சிலர் காத்திருக்கத்தான் வேண்டும்.

கடைசியில் தீர்ப்பு 1969இல் வந்தது. எழுதியவர் டேவிட் சேயர். படிகங்களின் அமைப்பை ஆராய்ந்து புகழ்பெற்ற விஞ்ஞானி. ஃபார்ட்ரன் மொழியை உருவாக்கிய குழுவிலும் இருந்தவர். கைமுறையிலும் தானியங்கி முறையிலும் புரோகிராம்களை ஓட்டி, நேரத்தை அளந்து, இரண்டையும் ஒப்பிட்டார். தானியங்கி முறை கைமுறைக்குச் சளைத்ததல்ல. மனிதனின் உழைப்பையும் செலவில் சேர்த்தால் அதுவே மேல் என்று முடிவு தெரிந்தது. சர்ச்சை அத்துடன் அடங்கியது என்றே சொல்லலாம்.

என்னைக் கவர்ந்தது முடிவல்ல, கட்டுரையின் தலைப்பு. 'தானியங்கி முறையின் வெற்றி' என்று அவர் தலைப்பிடவில்லை. கைமுறையை விலக்கிவிடும் அளவுக்குத் தானியங்கி முறை திறமையானதா என்று ஒரு கேள்வியைத்தான் தலைப்பாக வைத்தார். எதிர்க்கட்சியின் சந்தேகத்தையே தன் சந்தேகமாக எடுத்துக்கொண்டு தொடங்குகிறவனிடம் எதிர்க்கட்சிக்காரனால் கோபித்துக்கொள்ள முடியுமா? நியாய சாஸ்திரக்காரர்கள் பேச்சுப் போரை மூன்றாகப் பிரித்தார்கள். உண்மையைக் காண்பதற்காகப் பேசுவது வாதம். ஜயிப்பதற்காகப் பேசுவது ஜல்பம். தனக்கென்று ஒரு கொள்கையும் இல்லாமல் எதிரியைக் கவிழ்ப்பதற்காகவே பேசுவது விதண்டை. தமிழில் 'விதண்டாவாதம்' என்ற சொல் மட்டும் தெருவுக்குத் தெரு வழங்குகிறது. மற்ற இரண்டும் புத்தகத்தோடு நின்றுவிட்டன. எந்தச் சரக்கு நம்மிடம் அதிகம் விலைபோயிற்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மரியாதை என்பது குரலைத் தாழ்த்திப் பேசுவது மட்டும் அல்ல. 'எது நடந்தால் நான் என் கட்சியை விட்டுவிடுவேன்' என்று முன்கூட்டியே மற்றவனுக்குச் சொல்லிவைப்பதுதான் சபை மரியாதையின் அடிப்படை என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படிச் சொன்னபின் இரைந்து பேசினாலும் குற்றமில்லை. அது இல்லாமல் 'தாங்கள், தங்கள்' என்று எவ்வளவு பணிந்து எழுதினாலும் அது விதண்டைதான்.

விஞ்ஞானிகள் தீர்த்த விஷயத்தை வியாபாரிகள் தீர்க்கும்போது இவ்வளவு சுமுகம் இருக்கவில்லை. ஐ.பி.எம். 1970இல் வெளியிட்ட 370 வரிசை யந்திரங்களில் முதலில் இந்த வசதி இல்லை. 1972 ஆகஸ்டு 2ஆம் தேதி அந்த வரிசைக்கும் இது உண்டு என்று அறிவித்தார்கள். ஆனால் 155, 165 என்ற மாதிரிகளை முன்பே வாங்கியவர்கள் பெருந்தொகை கொடுத்துத் தனிக் கருவி வாங்கிப் பொருத்த வேண்டியிருந்தது. வாங்கியவர்கள் மனம் கசந்தார்கள். இதில் நமக்கு ஒரு சின்ன வேடிக்கை: விலாசத்தையும் இடத்தையும் பொருத்தும் குறிப்பேட்டை ஐ.பி.எம். அறிவித்த பதின்மூன்றாம் நாள், 1972 ஆகஸ்டு 15ஆம் தேதி, இந்தியத் தபால் இலாகா பின்கோடு முறையைத் தொடங்கிற்று! 370 வரிசையின் 155 மாதிரி யந்திரம் ஒன்று 1973இல் ஜெர்மன் உதவியோடு சென்னை ஐ.ஐ.டி.க்கு வந்து சேர்ந்தது. தமிழ்நாட்டு மாணவர்கள் பலர் முதன்முதலாகப் பெரிய யந்திரம் ஒன்றில் கைவைத்தது அங்கேதான்.

இடப் பஞ்சத்துக்காகக் கண்டுபிடித்த குறிப்பேடு வேறொரு காரியத்துக்கும் பயன்பட்டது. இன்றைக்கு அதுவே அதன் முக்கிய உத்தியோகம் எனலாம். சிப் தொழிலில் இருக்கும் என் சகோதரியின் மகனிடம் ஒரு நாள் கேட்டேன்.

"ஏன் மாப்பிள்ளை, ஒரே யந்திரத்தில் நூறு புரோகிராம் ஓடுகிறது என்கிறாய். இரண்டு பேர் ஒரே சமயத்தில் 'ஆயிரமாவது இடத்தில் வை' என்று சொன்னால் அடிதடி வராதா?"

"வராது மாமா. மாரியம்மன் கோயில் தெரு எத்தனை ஊர்ல இருக்கு? கடிதம் மாறியா போகுது? ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனித்தனிக் குறிப்பேடு. இவன் சொல்ற ஆயிரம் வேற எடம், அவன் சொல்ற ஆயிரம் வேற எடம்."

"ஒருவன் வேண்டுமென்றே அடுத்தவன் இடத்தைக் கேட்டால்?"

"அவன் குறிப்பேட்டுலதான் அந்த எடமே இல்லையே மாமா! கேட்கக்கூட அவனுக்கு விலாசம் தெரியாது. மீறிக் கேட்டா பிராசஸர் அந்த எடத்துலயே நிறுத்திடும்."

வேலி போட்டுக் காவல் வைப்பதைவிட, அந்த வீட்டுக்கு விலாசமே இல்லாமல் செய்துவிடுவது எவ்வளவு நேர்த்தியான பாதுகாப்பு! 1954க்கு முன் காரைக்கால் எல்லையில் சுங்கச் சாவடிகள் இருந்தன. சாவடி இருந்தது, சிப்பாய் இருந்தான். ஆனாலும் வரப்பு வழியாகச் சரக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. யந்திரத்தின் எல்லையும் முற்றும் ஓட்டையில்லாதது அல்ல. 2018 ஜனவரியில் 'மெல்ட்டவுன்' என்று ஒரு குறை வெளிவந்தது. பிராசஸர் வேகத்துக்காக, அனுமதி உண்டா என்று முழுக்கப் பார்ப்பதற்கு முன்பே காரியத்தைத் தொடங்கிவிடுகிறது. பிறகு அனுமதி இல்லையென்று தெரிந்து எல்லாவற்றையும் அழித்துவிடுகிறது. ஆனால் அடுப்பை அணைத்தாலும் சூடு இருக்குமே! அந்தச் சூட்டைத் தடவிப் பார்த்து உள்ளே என்ன வெந்தது என்று கண்டுபிடித்துவிடலாம் என்று காட்டினார்கள். கூகிள் ஆராய்ச்சியாளர் ஒருவரும், ஆஸ்திரியாவின் கிராஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் முதலானோரும் தனித்தனியே இதைக் கண்டார்கள். கண்டதும் ஊரைக் கூட்டிக் கூவவில்லை. 2017இன் நடுவிலேயே தயாரிப்பாளர்களுக்குத் தகவல் போயிற்று; மருந்து தயாராகட்டும் என்று மாதக்கணக்கில் விஷயம் வெளிவராமல் இருந்தது. கோடிக்கணக்கான பேரின் ரகசியங்கள் பணயமாக இருந்த விஷயம் அது. பேசுவதில் உள்ள மரியாதையைப் போலப் பேசாதிருப்பதிலும் ஒரு மரியாதை உண்டு.

இந்தச் சரித்திரத்தில் தமிழ்நாட்டுக்கு இன்று சொந்தமாக ஓர் அத்தியாயம் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடியின் தலைமையில் 'சக்தி' என்ற பிராசஸர் வரிசை உருவாயிற்று. அமெரிக்காவின் பெர்க்லியில் 2010இல் தொடங்கிய 'ரிஸ்க்-ஃபைவ்' என்னும் திறந்த இலக்கணத்தின்மேல் கட்டியது. 2018இல் அதன் சிப்கள் லினக்ஸை ஓட்டிக் காட்டின. அவற்றில் ஒன்று சண்டிகரை அடுத்துள்ள நம் நாட்டு ஆலையிலேயே தயாரானது. சக்தியில் பல வகை உண்டு. சின்னக் கருவிகளுக்கான 'இ' வகையில் இந்தக் குறிப்பேடு இல்லை. ஒற்றைக் குடித்தன வீட்டுக்கு அது எதற்கு? பல புரோகிராம்கள் குடியிருக்கும் 'சி' வகையில் உண்டு. மாவட்டம், ஊர், தெரு என்பது போல மூன்று அடுக்குக் குறிப்பேடு. ஒவ்வோர் ஏட்டிலும் 512 வரிகள். ஒரு பக்கத்தின் அளவு 4096 பைட்டுகள். தினமும் போகும் வீடுகளைத் தபால்காரர் ஏட்டைப் புரட்டாமலே நினைவில் வைத்திருப்பது போல, அண்மையில் பார்த்த விலாசங்களுக்கென்று ஒரு சின்னச் சட்டைப்பைக் குறிப்பும் பிராசஸரிடம் உண்டு.

அட்லஸின் பக்கத்துக்கு 512 சொற்கள். சென்னைச் சிப்பின் ஏட்டுக்கு 512 வரிகள். இரண்டின் கடுக்குள் யந்திரம் இரண்டைப் பெருக்கிப் பெருக்கி எண்ணுவதால் வந்த ஒற்றுமைதான், பெரிதாகச் சொல்வதற்கில்லை. ஆனால் சக்தியின் வரைபடங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், குறை இருந்தால் சுட்டலாம் என்று திறந்து வைத்திருக்கிறார்களே, அதைப் பெரிதாகவே சொல்ல வேண்டும். குறை சொல்ல வாருங்கள் என்று கதவைத் திறந்து வைப்பவருக்குக் குறை சொல்பவரின் பாஷையைப் பற்றிக் கவலைப்பட உரிமை உண்டு. குறை சொல்ல வருபவருக்கும் ஒரு கடமை உண்டு. எந்த வரியில், எந்தச் சந்தர்ப்பத்தில், என்ன செய்தால் தவறுகிறது என்று காட்டிவிட வேண்டும். காட்டிவிட்டால் ஏச்சுக்கு வேலையில்லை.

கையால் துண்டு போட்டுப் புரோகிராம் எழுதிய அந்தக் கர்விகள் என்ன ஆனார்கள் என்று எனக்குச் சில சமயம் தோன்றுவதுண்டு. அவர்களுடைய வித்தை போய்விட்டது. அவர்கள் பேரைச் சொல்வாரும் இல்லை. ஆனால் நினைத்துப் பார்த்தால், ஒரு வேலைக்கு ஒரு சமயத்தில் சில பக்கங்களே வேண்டும், மற்றவை காத்திருக்கலாம் என்ற உண்மையை முதலில் கண்டவர்கள் அவர்கள்தாம். அந்த அறிவை நம்பித்தான் அவர்கள் துண்டு போட்டார்கள். டென்னிங் அதற்குப் பெயர் வைத்தார். யந்திரம் அதைக் கற்றுக்கொண்டது. தோற்ற கட்சியின் ஞானம் ஜயித்த கட்சியின் இரும்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வாதம் வாதமாக நடந்தால் இதுதான் லாபம். தோற்றவனும் வெறுங்கையோடு வீடு திரும்புவதில்லை.